தெர்மாகோல் கோபுரமும் மொய் நோட்டும்

பருவம் முடியப் போகிறது என்றால், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஹிஸ்டரிக்கு என்ன ப்ராஜெக்ட் குடுக்கலாம்?" பதில்களும் தவறாமல் வரும். தெர்மாகோலில் தஞ்சைப் பெரிய கோயில். ஐஸ் குச்சியில் செஞ்சிக் கோட்டை. சார்ட் அட்டையில் காலக்கோடு. டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய காகிதத்தில் 'பழங்கால ஆவணம்'. கட்டபொம்மன் வேஷம். வம்ச மரம். யாராவது ஒருவர் 'ஐம்பது யோசனைகள்' என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பிவைப்பார். அமெரிக்கக் குடும்பங்களுக்காக யாரோ தயாரித்த பட்டியலில் மரக்குடிசையை எடுத்துவிட்டு மண்டபத்தை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே வரிசையாக நன்றிக் கும்பிடுகள்.

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். மனப்பாடம் வேண்டாம் என்றுதானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை; ஆகவே வரலாறு கைவேலையாக இருக்கட்டும், பிள்ளை ரசித்துச் செய்யட்டும், முன்னோரை நினைத்துப் பெருமைப்படட்டும். கல்வெட்டு, பத்திரம், ஆதாரம் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இதமான பேச்சு. ஆனால் இதில் ஒரு பகுதிகூடச் சரியில்லை என்பது என் கட்சி. நாற்பது பிள்ளைகளையும் ஒரு பாடவேளையையும் வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளி ஆசிரியர் தெர்மாகோலைக் கட்டிக்கொண்டு அழுதால் அவருக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு பிள்ளை, முழுப் பகல், கேட்ட இடத்துக்குக் கூட்டிப்போகப் பெற்றோர் என்று எல்லாம் வாய்த்த வீடு, பள்ளிக்கூடத்தின் மிக மோசமான பழக்கத்தை மட்டும் கவனமாகப் பொறுக்கி எடுத்துவந்து நடு ஹாலில் வைத்துக்கொள்வதற்கு என்ன நியாயம்?

பெரிய கோயிலிலிருந்தே தொடங்கலாம். தெர்மாகோலில் அதைச் செய்யும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? அட்டையை நேராக அறுக்க, எந்தப் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று தெரிந்துகொள்ள, பொன்னிறச் சாயத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்க. எல்லாம் உபயோகமான வித்தைகள்தாம். இரவு பதினோரு மணிக்கு மேல் அம்மாவோ அப்பாவோ கலசத்தை ஒட்டி முடிக்கும்போது அவர்களும் சிலவற்றைக் கற்றுக்கொள்வார்கள். ராஜராஜனைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு முதல் நாள் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூடக் கூடியிருக்காது. கோயிலின் தோற்றம் படத்தில் இருந்தது, அது அட்டைக்கு மாறியிருக்கிறது. நடுவில் ஒரு கேள்விகூட எழவில்லை, எழவேண்டிய தேவையும் வரவில்லை.

அதே கோயிலின் சுவரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1010ஆம் ஆண்டில் கட்டிமுடித்த அந்தக் கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் சேவைப் பெண்களை, ராஜராஜன் குடியமர்த்திய செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர் இருக்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பது இருக்கிறது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தாள் என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது. ஒருத்தி இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவள் பங்கு யாருக்குப் போகும் என்ற விதியும் உண்டு. நட்டுவனார், பாடுவோர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கர் என்று மற்றவர்களின் பங்கும் தொடர்ந்து வருகிறது. ஹுல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் இது மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சாகி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

பதினோரு வயதுப் பிள்ளை ஒன்று இதில் முப்பது பெயரை எடுத்து, அவர்கள் வந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால் போதும். சோழநாட்டின் எந்தப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், எந்தப் பகுதியிலிருந்து வரவில்லை என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இவர்களைக் கேட்டுத்தான் கூட்டிவந்தார்களா? எல்லாப் பெயருக்கும் முன்னால் 'நக்கன்' என்று ஏன் வருகிறது? நூறு கலம் என்பது ஒரு வீட்டுக்கு மிச்சமா, பற்றாக்குறையா? நட்டுவனாருக்கும் நாவிதருக்கும் ஒரே பங்கா? இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்குக் கல்லே பதில் சொல்லும். சிலவற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கேட்டுத்தான் கூட்டிவந்தார்களா என்பதற்கு அங்கே பதில் இல்லை. கல்லை வெட்டச் சொன்னவர் யார் என்று யோசித்தால் ஏன் இல்லை என்பது அந்த வயதுக்கும் புரியும்.

அவ்வளவு பொறுமை இல்லாத பிள்ளையா? கோபுர நிழல் தரையில் விழாது என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காலையில் ஒரு படம், உச்சியில் ஒரு படம், மாலையில் ஒரு படம். நிழல் நன்றாகவே விழுகிறது. பிறகு இரண்டாவது, அதைவிட நல்ல கேள்வி வரும்: கண்ணெதிரே பொய் என்று தெரியும் ஒன்றை இத்தனை பேர் இத்தனை காலம் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? வந்திருக்கும் பயணிகளில் சிலரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அரை நாள் வேலை. தெர்மாகோல் செலவு மிச்சம்.

அடுத்தது வேஷம். 'வரலாற்றை வாழ்ந்து பார்ப்பது' என்று இதற்கு ஒரு பட்டம் வேறு கொடுத்திருக்கிறார்கள். நம்மூரில் கட்டபொம்மன் வேஷம் கட்டும் பிள்ளை பேசுவது கம்பெனியின் கலெக்டர் ஜாக்சனிடம் கட்டபொம்மன் பேசியதை அல்ல. மேடையிலும், 1959இல் வந்த பந்துலுவின் படத்திலும் சிவாஜி கணேசன் பேசியதை, சக்தி கிருஷ்ணசாமி எழுதியதை. அருமையான வசனம், எனக்கும் பிடிக்கும். ஆனால் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்த சந்திப்புக்கு அது சாட்சியாகாது. அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். பிறகு கம்பெனி அரசே விசாரணை நடத்தி, கலெக்டர் ஜாக்சனைத்தான் பதவியிலிருந்து நீக்கியது. மீசை ஒட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வசனத்தில் இது வராதே.

இன்னும் ஒன்று. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், மறுநாளே மேலிடத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் அது இருக்கிறது. விசாரணை நெடுகிலும் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரம் பாளையக்காரரை இகழ்ச்சியோடு பார்த்ததையும், தூக்குமேடைக்கு உறுதியான நடையோடு போனதையும் பானர்மேன் அதில் பதிவுசெய்கிறார். கொன்றவனே எழுதியது. கட்டபொம்மனைப் புகழ்வதில் அவனுக்கு எந்த ஆதாயமும் இல்லை. தான் செய்ததை நியாயப்படுத்த வேண்டிய இடத்தில்தான் அவன் இருந்தான். ஆகவே அந்தச் சாட்சிக்கு எடை அதிகம். பகைவன் வாயிலிருந்து வரும் சான்று ஏன் கனக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை, கட்டபொம்மனை வசனத்தால் தெரிந்துகொண்ட பிள்ளையைவிடப் பத்து மடங்கு உறுதியாக அவரை மதிக்கும். பானர்மேன் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருப்பான் என்றும் அதே பிள்ளை கேட்கும். வேஷம் கட்டியே தீருவேன் என்றால் கட்டட்டும். ஆனால் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பாதிப் பேச்சு தானாகவே உதிர்ந்துவிடும்.

பெருமைக் கட்சிக்காரர்களுக்கு நான் உத்திரமேரூரைச் சொல்வேன். பதினொரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று ஒரு சார்ட், நடுவில் ஒரு குடம், உள்ளே ஓலைத் துண்டுகள். பருவ இறுதிக்கு என்றே கடவுள் கொடுத்தது போன்ற தலைப்பு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகளில் விதிகள் விரிவாக இருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் வரக்கூடாது. இதுவரை சார்ட்டில் வந்துவிடும். வராதது, யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்ற பகுதி. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றிருந்தால் நிலத் தகுதியில் தளர்வு உண்டு. பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை அது.

இந்த இரண்டாவது பகுதியை மறைத்துவிட்டுப் பெருமைப்படச் சொன்னால், பிள்ளையை ஏமாற்றுகிறோம். முதல் பகுதியை மறைத்துவிட்டு இளக்காரம் செய்யச் சொன்னாலும் ஏமாற்றுதான். இரண்டையும் முன்னால் வைத்து, "உன் தெருவில் இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் இந்தக் குடத்துக்குள் போயிருக்க முடியும்?" என்று கேட்டால் பிள்ளை எண்ண ஆரம்பிக்கும். பெரும்பாலான தெருக்களில் ஒரு கை விரல்களே அதிகம். கணக்குக் காட்டாதவனை விலக்கிய விதியை அதே பிள்ளை வியக்கவும் செய்யும், வியக்க வேண்டிய விஷயமும்தான் அது. இரண்டு ஆண்டுக்குள் விதிகளை ஏன் திருத்தினார்கள், முதல் ஏற்பாட்டில் என்ன தகராறு வந்திருக்கும் என்று ஊகிப்பது அதற்கும் மேலே. ஒரே கல்வெட்டைப் பார்த்து வியக்கவும் முகம் சுளிக்கவும் முடிகிற மனம் சார்ட் ஒட்டி வராது.

"இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கு எட்டுமா?" என்பது இவர்களுடைய பெரிய ஆயுதம். எட்டும் என்பதற்கு நம்பிக்கை மட்டும் ஆதாரம் அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் புரூஸ் வான்ஸ்லெட்ரைட் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் ஆவணங்களைக் கொடுத்து, 1609–10 குளிர்காலத்தில் அங்கே அத்தனை பேர் பட்டினியில் செத்தது ஏன் என்று துப்பறியச் சொன்னார். 2002இல் அதை நூலாகவும் எழுதினார். தொடக்கத்தில் சரியான விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிய பத்து வயதுக்காரர்கள், போகப்போக, இதை எழுதியவர் யார், அவர் அங்கே இருந்தாரா என்று கேட்கப் பழகினார்கள். அதற்கு முன்பே, 1991இல், கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் எட்டு வரலாற்றாய்வாளர்களுக்கும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் லெக்சிங்டன் சண்டை பற்றிய ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆய்வாளர்கள் படிக்கத் தொடங்குமுன் கண்ணைக் கீழே ஓட்டி இதை எழுதியது யார், எப்போது என்று பார்த்தார்கள். மாணவர்கள் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனார்கள். பாடநூல் பகுதியை நம்பினார்கள். அந்த மாணவர்கள் மக்குகள் அல்ல, படிப்பில் கெட்டிக்காரர்கள். யாரும் அவர்களுக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். எட்டாது என்று சொல்லி ஒத்திப்போட்டால் எந்த வயதிலும் எட்டாது.

"ஆவணத்துக்கு எங்கே போவது? நாங்கள் இருப்பது எழும்பூரிலா, தரமணியிலா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆவணக் காப்பகத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போக முடிந்தவர்கள் போகட்டும். மற்றவர்கள் பரணில் ஏறினால் போதும். அங்கே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் ஒரு மொய் நோட்டு இருக்கும்.

மொய் நோட்டைப் போல ஒரு ஆவணம் பிள்ளைக்குக் கிடைக்காது என்றே சொல்வேன். மதுரை, தேனி, புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரங்களில் இது இல்லாத பழைய வீடு அபூர்வம். தாத்தா கல்யாணத்து நோட்டு ஒன்று, அப்பா கல்யாணத்து நோட்டு ஒன்று, அண்மையில் நடந்த காதுகுத்து நோட்டு ஒன்று என்று மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஊர்ப் பெயர்கள். தாத்தா நோட்டில் மாட்டுவண்டி போய்வரும் தூரத்துக்குள் எத்தனை ஊர், அதைத் தாண்டி எத்தனை? பம்பாயும் சிங்கப்பூரும் துபாயும் முதன்முதலில் எந்த நோட்டில் வருகின்றன? அடுத்து ஆட்களின் பெயர்கள். சாதிப் பட்டம் எந்த நோட்டு வரை எல்லோருக்கும் இருக்கிறது, எதில் சிலருக்கு மட்டும், எதில் அறவே இல்லை? பெண்ணின் பெயரில் தனியாக மொய் எழுதியது எப்போது? யார் பெயர் தலைப்பு மரியாதை எதுவும் இல்லாமல், வெறும் பெயராக, நோட்டின் கடைசியில் இருக்கிறது? அப்புறம் தொகை. அணாவில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, ஆனாலும் பழக்கம் விடாதவர்கள் பிறகும் அணாக் கணக்கில் பேசினார்கள் என்பதால் அது மட்டும் போதாது. 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா. 1964 ஜூனில் 'நயா' போய்விட்டது. அண்டா, குத்துவிளக்கு, ஆட்டுக்கிடா என்று பொருளாக வந்தவை தனி. பணமாக மட்டுமே எழுதும் வழக்கம் எந்த நோட்டில் தொடங்குகிறது?

இந்த ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க வரலாறு, புவியியல், கணக்கு மூன்றும் நடத்தலாம். முடிவில் பிள்ளையின் கையில் இருப்பது உலகத்தில் வேறு யாரும் இதுவரை எழுதாத ஒரு கட்டுரை. ஐம்பது யோசனைப் பட்டியலில் எந்த எண்ணில் இது வருகிறது?

தேதி கண்டுபிடிப்பதே ஒரு நல்ல ப்ராஜெக்ட். கொள்ளுத்தாத்தா ஜாதகத்தில் 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். விரோதி 1949இலும் பிறந்தது, அறுபது ஆண்டு கழித்து 2009இலும் பிறந்தது, அதற்கு முன் 1889இலும். எது என்று தீர்க்க வேறு சான்று வேண்டும். நிலப் பத்திரத்தில் பசலி 1370 என்று இருந்தால் 590ஐக் கூட்டி, ஜூலையில் தொடங்கும் ஆண்டு என்பதையும் நினைவில் வைத்து, 1960–61 என்று கணக்கிட வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு. முத்திரைத் தாளில் ஆறாம் ஜார்ஜின் தலை இருக்கிறதா, அசோகர் சிங்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு எல்லை கிடைத்துவிடும். காலக்கோடு சார்ட்டில் எழுதும் ஆண்டுகளை யாரோ கொடுத்துவிடுகிறார்கள். இங்கே ஒரே ஒரு ஆண்டைப் பிள்ளை தானே வாதாடிச் சம்பாதிக்கிறது.

பத்திரமும் நோட்டும் இல்லாத வீடுகள் உண்டு. நிலமும் பரணும் எல்லோருக்கும் இருந்ததில்லை, அதுவே ஒரு வரலாறு. அவர்கள் தெருவில் இறங்கலாம். மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், பள்ளிக் கட்டடம் எல்லாவற்றிலும் திறப்புவிழாக் கல் இருக்கிறது. ஐந்தாறு ஊராட்சிகளைச் சுற்றிவந்தால், 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியதற்கு முன்னும் பின்னும் கல்லில் பெண் பெயர் எப்படி வருகிறது, அதற்குப் பக்கத்தில் கணவர் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களா என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

எதிர்க்கட்சிக்கு நியாயமாக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை களிமண்ணில் பானை செய்தால் அதைத் தடுக்க நான் வரவில்லை. பெரிய பிள்ளைகள் செய்யும் மாடல்கூட ஒரு கேள்வியைச் சோதிப்பதற்காக என்றால் வரலாறுதான். பனையோலையில் எழுத்தாணியால் உண்மையிலேயே பத்து வரி எழுதிப் பார்த்த பிள்ளைக்குச் சுவடியில் புள்ளி வைக்காமல் ஏன் விட்டார்கள் என்பது கையிலேயே தெரிந்துவிடும். டீத்தண்ணீரில் நனைத்த காகிதம் அதைச் சொல்லாது. அமெரிக்காவில் 1974இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய தேசிய வரலாற்று நாள் போட்டியில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். கண்காட்சியும் நாடகமும் அங்கேயும் உண்டு. ஆனால் எந்த ஆதாரத்தை எதற்குப் பயன்படுத்தினேன் என்ற விளக்கக் குறிப்போடு நூற்பட்டியல் கொடுக்காமல் உள்ளே நுழைய முடியாது. நாம் அங்கிருந்து நாடகத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

ஏன் அப்படி? பிள்ளைக்கு எட்டாது என்பது காரணம் இல்லை என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்குச் சௌகரியப்படாது என்பதுதான் காரணம். தெர்மாகோல் கோபுரம் யாரையும் எதையும் கேட்காது. மொய் நோட்டு கேட்கும். "ஏம்மா, இவங்க பேரு மட்டும் ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று ஒரு மாலை நேரத்தில் பிள்ளை வந்து நிற்கும். நிலப் பத்திரம், அந்த நிலம் யாரிடமிருந்து எந்த விலைக்கு வந்தது என்று சொல்லிவிடும். கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கினால் தாத்தா மேடையில் பேசியதும் வீட்டில் நடந்ததும் வேறு வேறு என்று தெரிந்துவிடும். பட்டியல்களில் எப்போதும் இடம்பெறும் வம்ச மரத்தையே எடுங்கள். பெரும்பாலும் அது ஆண்களின் மரம். கொள்ளுப்பாட்டியின் பெயர் யாருக்கும் தெரியாததால் ஒரு பூ ஒட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். அந்தப் பெயர் ஏன் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்க எந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்பதல்லவா ப்ராஜெக்ட்! பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட கேள்வி வந்தால் ஆசிரியர் நாற்பது பெற்றோருக்குப் பயப்பட வேண்டும். வீட்டில் யாருக்குப் பயம்? மனப்பாடத்தை எதிர்த்து வெளியே வந்தவர்கள், கேள்விக்குப் பயந்து கைவேலைக்குள் ஒளிந்துகொள்வது வேடிக்கைதான்.

பெரியவர்களின் நினைவை நம்ப முடியாது, ஆகவே வாய்மொழி வரலாறு பிள்ளையைக் குழப்பும் என்றும் ஒரு வாதம் இருக்கிறது. நம்ப முடியாது என்பது சரி. அதனால்தான் அது நல்ல பாடம். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் "தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்" என்று சொல்வார்கள். ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23 அன்று. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள். ஆனால் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு இன்னொரு பெருங்கூட்டம் வந்தது. அவர்கள் நடக்கவில்லை, கப்பலில் வந்தார்கள். தாத்தா 1950இல் பிறந்தவர் என்றால் நடந்தது அவர் அல்ல, அவருடைய அப்பாவாக இருக்கலாம், அல்லது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. இரண்டு வருகையும் ஒரே கதையாக இறுகிப்போயிருக்கிறது. அதை மரியாதையோடு, அவர் மனம் நோகாமல் பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுத்தருவதற்கு எந்தப் பாடநூலாலும் முடியாது, தாத்தாவைப் பக்கத்தில் வைத்திருக்கும் வீட்டால் முடியும்.

மிச்சமிருப்பது மதிப்பீடு. "படம் எடுத்துப் போர்ட்ஃபோலியோவில் வைக்க ஏதாவது வேண்டுமே" என்கிறார்கள். நான்கு பக்கம் எழுதிய காகிதம் படத்தில் அழகாக விழாது, ஒப்புக்கொள்கிறேன். அதைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். என்ன கேட்டாய், எதை வைத்து இந்தப் பதிலுக்கு வந்தாய், உன் பதிலுக்கு எதிராக எந்தச் சான்று கிடைத்தது என்று பெற்றோர் கேட்க வேண்டும், பிள்ளை பதில் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும், இதுதான் கஷ்டம். பர்மாத் தாத்தாவைப் பற்றி எழுதிய பிள்ளை கடைசிப் பக்கத்தில், 'கப்பலில் வந்தவர் என்றே தோன்றுகிறது, ஆனால் அகதி அட்டையை இன்னும் பார்க்கவில்லை, அது திருச்சியில் பெரியப்பா வீட்டில் இருக்கிறதாம்' என்று முடித்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, அடுத்த விடுமுறைக்குத் திருச்சிக்கு டிக்கெட் போடுங்கள்.